மனநோயோடு வேலைக்குப் போவது: உங்கள் அனுபவம் என்ன?

நோயாளியின் தங்கை:
அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் மருந்தில் அடங்கின. எழுந்து எதையும் செய்யத் தோன்றாத வெறுமைதான் அடங்கவில்லை. அதுவும் நோயின் கூறுதான், மருந்து அதற்குப் பெரிதாக உதவாது என்று மருத்துவர் சொன்னார். உறவினர்களோ சோம்பேறி என்று தீர்ப்பெழுதி முடித்திருந்தார்கள்.

பகல்நேர மையம் ஒன்றில் காகித உறை ஒட்டக் கொடுத்தார்கள். சில மாதங்கள் ஒட்டினார். "இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். யாரும் வாங்கவில்லை, மூட்டை கட்டி மூலையில் போட்டிருந்தார்கள். அன்றோடு நின்றுவிட்டார். நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

இப்போது ஒரு நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறார். பிற்பகலில் மட்டும்தான், இரவு மாத்திரையின் மயக்கம் தெளியவே காலை பத்து மணி ஆகிவிடும் என்பதால் நேரத்தைக் கேட்டு வாங்கினோம். காய்ச்சலில் அவர் போகாத ஒருநாள் நூலகர் என்னை அழைத்து, "புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, எப்போது வருவார்?" என்றார். அதை அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வேலை தேடித் தரும் பணியாளர்:
உறை ஒட்டும் கதையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். முதலில் பயிற்சி, தேறினால் வேலை என்ற வரிசையை 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் தலைகீழாக்கினார்கள். விருப்பம் இருந்தால் போதும்; நேராகச் சாதாரண வேலை, பணியாளரின் உதவி அதன் கூடவே தொடரும். ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். இம்முறையில் 55 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது. பழைய முறையில் 28. ஒருநாள் வேலை பார்த்தவரையும் சேர்த்த கணக்கு இது, அதனால் அளவுக்கு மீறிக் கொண்டாட வேண்டாம். கிடைத்த வேலையில் நிலைப்பதுதான் கடினம். என் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது: மேலாளரிடம் பேசுவது, இரைச்சல் குறைந்த இடம் கேட்பது. நோயை அங்கே சொல்வதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கே விட்டுவிடுவேன்.

இருமுனைக் கோளாறு உள்ளவன்:
எல்லோருக்கும் சம்பள வேலை ஒத்துவராது. என் நோயில் மனம் சில காலம் எக்களிப்பில் ஏறும், சில காலம் சோர்வில் விழும். ஏறிய நாட்களில் மற்றவர்களின் இரவுப் பணியையும் கேட்டு வாங்கிச் செய்தேன். தூக்கம் போய் மருத்துவமனையில் சேர்ந்தேன். இப்போது பார்வை மங்கிய அண்டை வீட்டுப் பெரியவருக்குத் தினமும் செய்தித்தாள் வாசிக்கிறேன். காசு கிடையாது. பாராட்டும் கிடையாது; உச்சரிப்பைத்தான் திருத்துகிறார். ஆனாலும் அவருக்காகவே நேரத்தோடு படுத்து எழுந்துவிடுகிறேன்.

நோயாளியின் தங்கை:
பணியாளருக்கு ஒரு கேள்வி. கூடுதல் நேரம் வேலை செய்தால் அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்று அண்ணன் அஞ்சுகிறார்.

வேலை தேடித் தரும் பணியாளர்:
நியாயமான அச்சம்தான். விதி நாட்டுக்கு நாடு வேறு. கூடும் சம்பளத்தையும் குறையும் உதவித்தொகையையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டுவதும் எங்கள் பணியில் சேர்ந்ததுதான். எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு அண்ணன் முடிவு செய்யட்டும்.