பெங்களூருவோ கேரளாவோ எதிரே வந்தால்: இன்னும் உறுத்தும் அந்த ஒரு நிமிடம்

மஞ்சளுக்கு எதிர்நீலம்:
ஐஎஸ்எல் கால்பந்து ப்ளேஆஃபில் (லீக் முடிந்து வரும் நாக்அவுட் சுற்றில்) டெர்பி, அதாவது பெங்களூருவோ கேரளாவோ எதிரே வரும் பக்கத்து ஊர் ஆட்டம் வந்தால், நம்ம அணி சென்னையின் எஃப்சி தேறுமா என்று கேட்டால், எல்லாரும் பாயிண்ட்ஸ் டேபிளை எடுத்து வைக்கிறார்கள். டேபிள் இங்கே உதவாது. கேரளாவோடு ஆடிய 2014 செமிஃபைனல் எல்லாருக்கும் தெரியும். கொச்சியில் 0-3, சென்னையில் 3-0, எக்ஸ்ட்ரா டைமில் 117-வது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் கோல், இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-3, கேரளா ஃபைனலில். எல்லாரும் பியர்சனைத்தான் சொல்வார்கள். உறுத்துவது அது இல்லை. கொச்சியில் 2-0 என்று முடிய வேண்டிய முதல் லெக்கில் (இரண்டில் முதல் ஆட்டத்தில்), ஸ்டாப்பேஜ் டைமில் கேரளாவின் சுஷாந்த் மேத்யூ இடது காலால் வளைத்துப் போட்டாரே, அந்த மூன்றாவது கோல். தோல்வி உறுதியான பிறகு விழுந்த கோல் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது விழாமல் இருந்தால் சென்னையில் அடித்த மூன்றும் போதும், எக்ஸ்ட்ரா டைமே கிடையாது.

இரண்டு லெக் ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருக்கும் அணி 85-வது நிமிடத்துக்குப் பிறகு ஆளை மேலே அனுப்பக் கூடாது. இரண்டு சென்டர் பேக், அவர்களுக்கு முன்னால் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், பந்து போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஃபுல் பேக், இந்த நாலு பேர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பாக்ஸுக்கு வெளியே 20 மீட்டரில் பந்தோடு திரும்புகிறவனை முதல் தொடுதலிலேயே நெருக்க வேண்டும். இரண்டாவது தொடுதலுக்கு இடம் கொடுத்தால் ஷாட் வந்துவிடும்.

கண்டீரவா மேற்கு:
ப்ரோ, 2-0 ஆக இருந்திருந்தால் கேரளா சென்னையில் வேறு மாதிரி ஆடியிருக்கும். மற்ற எல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது தப்பு. அந்தச் சென்னை ஆட்டத்தில் கேரளாவின் மெக்அலிஸ்டர் முதல் பாதியிலேயே ரெட் கார்டு வாங்கியதால்தான் சென்னைக்குக் கதவு திறந்தது. பிறகு சென்னையின் எஃப்சியின் மத்தேராஸியும் ரெட் வாங்கி வெளியே போனார், ஆள் எண்ணிக்கை சமமானது, கேரளா மூச்சு வாங்கியது. உண்மையில் திரும்பிய இடம் அந்த இரண்டாவது ரெட்தான்.

எல்லைக்கோடு:
அடுத்து வருவது ஒரே ஆட்ட நாக்அவுட் என்றால் 2014-ஐ விட்டுவிட்டு 2023 மார்ச் 3-ஐப் பேச வேண்டும். பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு-கேரளா நாக்அவுட், 90 நிமிடம் 0-0. எக்ஸ்ட்ரா டைம் தொடங்கி ஆறேழு நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியே ஃப்ரீ கிக். கேரள கோலி (கோல்கீப்பர்) கில் வால், அதாவது ஆட்டக்காரர்களைச் சுவர்போல் நிறுத்தும் தடுப்பு, அமைத்துக்கொண்டிருக்கிறார். பெங்களூருவின் சேத்ரி பந்தைக் காலியான கோலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். கேரளா ஆட்டத்தை விட்டு வெளியேறியது, பெங்களூருவுக்கு 1-0 வெற்றி. அதன்பின் இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் கேரளா கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது, கோச் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை.

சரியா தப்பா என்ற சண்டை வேண்டாம். ஃப்ரீ கிக் பற்றிய விதி 13 என்ன சொல்கிறது என்பதுதான் ஆடுகிறவர்களுக்கு முக்கியம். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் அந்தத் தூரம் தனக்கு வேண்டாம் என்றால் அடிப்பவர் உடனே அடிக்கலாம். அதற்கு விசில் தேவையில்லை. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவைத்து, விசிலைக் காட்டிக் காத்திருக்கச் சொன்ன பிறகுதான் விசில் கட்டாயம். வாலும் விசிலும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொன்னதாக சேத்ரியே பின்னால் விளக்கினார்.

அதனால் பாக்ஸ் அருகே ஃபவுல் விழுந்ததும் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஒருவர், முடிந்தால் கேப்டன், பந்துக்கும் கோலுக்கும் நடுவே போய் நிற்க வேண்டும். ரெஃப்ரி வாலுக்கு அளந்து நிறுத்தும் வரை அவர் முதுகைத் திருப்பக் கூடாது. அன்று கேரளாவின் லூனா முதலில் சரியாகத்தான் நின்றார், திரும்பிய நொடியில் பந்து போய்விட்டது. ஆனால் பந்தை ஒட்டி நின்று அடிக்கவிடாமல் தடுத்தால் மஞ்சள் அட்டை, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டாவது, வாலை அமைப்பது கோலியின் வேலையாக இருக்கக் கூடாது. கோலி கோலின் நடுவில், பந்தைப் பார்த்தபடி. வாலின் கடைசி ஆளை நியர் போஸ்ட்டுக்கு நேர்கோட்டில் நிறுத்துவதை ஒரு அவுட்ஃபீல்ட் ஆட்டக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். கோலி போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்தும் அந்த மூன்று நொடிதான் ஆபத்து. மூன்றாவது, ரெஃப்ரியிடம் போய் வாதாடும் ஆள் ஒருவர் மட்டுமே. நாலு பேர் போனால் நாலு மார்க்கிங் காலி.

கண்டீரவா மேற்கு:
இதில் முழு உடன்பாடு. ஐஎஸ்எல்லில் வார் (வீடியோ பார்த்து முடிவை மாற்றும்) வசதி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி பார்த்து மாற்றுவார்கள் என்று காத்திருக்க இங்கே இடமே இல்லை.

ரெண்டாம் கார்னர்:
நல்ல நினைவையும் யாராவது சொல்லுங்கள். 2018 ஃபைனல், பெங்களூரு-சென்னையின், அதே கண்டீரவா. லீக்கில் பெங்களூரு 40 பாயிண்ட், சென்னையின் 32. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி ஹெட்டர். அதற்குப் பிறகு நம்ம நெல்சன் கார்னர், நம்ம மைல்சன் தலை. முதல் பாதி முடியும்போது மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை. ரஃபேல் மூன்றாவது, கடைசியில் 3-2. எட்டு பாயிண்ட் வித்தியாசத்தை இரண்டு கார்னர் அழித்துவிட்டது. நம்ம வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஓப்பன் ப்ளேயில் அவர்களோடு 90 நிமிடம் பந்தைப் பங்குபோட முடியாது.

மஞ்சளுக்கு எதிர்நீலம்:
கார்னரை மட்டும் நம்பினால் 2020 செமி மாதிரி ஆகிவிடும். கோவாவை இங்கே 4-1 என்று அடித்துவிட்டு அங்கே போனோம், முதல் 25 நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் சாங்தேயும் வால்ஸ்கிஸும் ஆளுக்கு ஒன்று அடித்ததால் மொத்தத்தில் 6-5-ல் தப்பித்தோம். செட் பீஸைத் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றை) தடுக்கவும் ஆள் வேண்டும்.

பதினோரு மீட்டர்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பெனால்ட்டி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரே ஆட்ட நாக்அவுட்டில் 0-0, 1-1 வர நிறைய வாய்ப்பு.

2022 ஃபைனல், கோவாவின் ஃபட்டோர்டா மைதானம், ஹைதராபாத்-கேரளா 1-1. ஷூட்அவுட்டில் ஹைதராபாத் கோலி கட்டிமணி மூன்றைத் தடுத்தார், 3-1. கேரளாவின் நிஷு குமார் அடித்ததைத் தடுத்தும், கோட்டை விட்டு முன்னால் வந்ததற்காக மறுபடி அடிக்கச் சொன்னார்கள். மறுபடியும் தடுத்தார். 2015 ஃபைனலில் இதே ஃபட்டோர்டாவில், கோவாவுக்காக நின்ற இதே கட்டிமணியின் செல்ஃப் கோலில்தான் 90-வது நிமிடத்தில் சென்னையின் 2-2 ஆக்கியது, உடனே மெண்டோசா அடித்துக் கோப்பை. அதே மைதானத்தில் அந்த மனிதர் இப்படித் திரும்பி வந்தது மறக்க முடியாத விஷயம்.

விதி எளிது. பந்து அடிபடும் கணத்தில் கோலியின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேர் மேலேயோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் பாய்ந்து தடுத்தால் மறுபடி அடிக்க வேண்டும், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். பயிற்சியில் கோலி கோட்டில் பக்கவாட்டாக நகர்ந்து ஏமாற்றலாம், ஆனால் தள்ளிவிடும் காலைக் கோட்டிலேயே வைத்துத்தான் பாயப் பழக வேண்டும். இரண்டு கால்களும் சேர்ந்து எழும்பும் பழக்கம் இருந்தால் அதை உடைக்க வாரக்கணக்கில் ஆகும், ஆட்டத்துக்கு முந்தின நாள் உடைக்க முடியாது.

அடிப்பவர்களுக்கு: ஐந்து பேர் பட்டியல் போதாது, ஏழு பேர் எழுதி வையுங்கள். 110-வது நிமிடத்தில் ஐந்தில் இரண்டு பேர் சப் ஆகி வெளியே உட்கார்ந்திருப்பார்கள். ஷூட்அவுட்டில் ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள்தான் அடிக்க முடியும். பெனால்ட்டிக்காகவே ஒருவரை 119-வது நிமிடத்தில் இறக்குவதும் எனக்குப் பிடிக்காது. இறங்கி ஒரு பாஸ்கூடப் போடாத கால் பந்தின் கனத்தை அறியாது. குறைந்தது பத்து நிமிடம் முன்னால் இறக்குங்கள்.

எல்லைக்கோடு:
பத்து நிமிடம் முன்னால் இறக்க சப் மிச்சம் இருக்க வேண்டுமே. 2024-ல் புவனேஸ்வரில் ஒடிசாவுக்கு எதிரான நாக்அவுட்டில் கேரளா 87-வது நிமிடம் வரை 1-0 முன்னால் இருந்து, டியேகோ மவுரிசியோ சமன் செய்து, எக்ஸ்ட்ரா டைமில் ஐசக் அடித்து ஒடிசா 2-1. 80 தாண்டியதும் ஓடிக் களைத்த விங்கர்களை மாற்றாமல் விட்டால் கிராஸ் தடையில்லாமல் வரும், முன்னணியைக் காக்க முடியாது. அதற்கே இரண்டு சப் போய்விடும்.

பதினோரு மீட்டர்:
அப்படியானால் 60-ல் இரண்டு பேரை ஒன்றாக, 80-ல் இரண்டு விங்கரையும் ஒன்றாக. ஐந்தாவது சப்பும், ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றக் கிடைக்கும் மூன்றாவது வாய்ப்பும், எக்ஸ்ட்ரா டைமுக்கான கூடுதல் சப்பும் கையில் இருக்கும்.