கிராஃபிக்ஸ் கார்டு மாத்தியும் ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஹீத்ரோவில் 27 எஃப்பிஎஸ்தான் (நொடிக்கு 27 படம்). எங்கே தப்பு பண்றேன்?

சாயங்கால_பைலட்:

வணக்கம். அஞ்சு வருஷமா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டுலதான் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டிட்டு இருந்தேன். 2020 பதிப்பு. 2024க்கு இன்னும் போகலை, இருக்கிறதே ஒழுங்கா ஓடலைன்னா புதுசை வெச்சு என்ன பண்றது.

ஆசைப்பட்டு ஆர்டிஎக்ஸ் 4070 வாங்கிப் போட்டேன். பழைய கார்டு 6 ஜிபி, இது 12 ஜிபி. பெட்டிக்குள்ள உட்கார வைக்கவே ஒரு ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. முதல் நாள் செஸ்னா 172ல ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு சுத்து. முன்ன 35 வந்த இடத்துல 58. மேகம் எல்லாம் பஞ்சு பஞ்சா நிக்குது. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் வழக்கமான ஆட்டம்: ஃப்ளைபைவயர் ஏ320 விமானம், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டோட 27 லெஃப்ட் ரன்வே, லைவ் வெதர் (நிஜ வானிலை). பழைய கார்டுல ரெண்டர் ஸ்கேலிங் (படத்தை எவ்வளவு நுணுக்கமா வரையணும்ங்கிற சதவீதம்) 70 வெச்சு 24 எஃப்பிஎஸ் வரும். புது கார்டுல 27. எழுத்துப்பிழை இல்லை, இருபத்தேழுதான்.

அதைவிட வயித்தெரிச்சல், இறங்குற நேரத்துல வர்ற திக்கல். "ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி"ன்னு விமானத்தோட குரல் உயரத்தை அடிக்கணக்குல கூப்பிடும், அங்க படம் ஒரு நொடி உறையும், திரும்ப வரும்போது நான் ஏற்கெனவே ரன்வேல மோதி குதிச்சுட்டு இருப்பேன். "ரிடார்டு"ன்னு (த்ராட்டிலைக் குறைன்னு அர்த்தம், மந்தபுத்தின்னு திட்டுற சொல்லும் அதேதான்) அது சொல்றது என்னையேன்னு தோணும்.

செட்டிங்ஸ் எல்லாம் அல்ட்ராவுல (உச்ச தரம்) வெச்சிருந்தேன். பிறகு டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு கார்டே பெருசாக்குற வசதி) பெர்ஃபார்மன்ஸ் போட்டுப் பார்த்தேன். எஃப்பிஎஸ் ஒண்ணுகூட ஏறலை. உயர மீட்டர் எண்கள் மட்டும் மையில தண்ணி பட்ட மாதிரி இழுபட ஆரம்பிச்சது. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா ஜிபியு (கார்டு) 40 சதவீதம், சிபியு (ப்ராசஸர்) 40 சதவீதம். ரெண்டு பேருமே சும்மா இருக்காங்கன்னா வேலை யார்தான் பாக்குறது?

மத்த விவரம்: ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி ரெண்டு, 550 வாட் பவர் சப்ளை, 1440பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், சிம் இருக்கிறது எஸ்எஸ்டியில. கார்டுல கோளாறா? பவர் பத்தலையா? திருப்பிக் கொடுத்துடலாமா?


மெயின்த்ரெட்:

கார்டைத் திருப்பிக் கொடுக்காதீங்க சார், அது நல்லாத்தான் இருக்கு. கோளாறா இருந்தா ஆல்ப்ஸ்ல 58 வந்திருக்காது.

சிபியு 40 சதவீதம்ங்கிற எண்தான் உங்களை ஏமாத்துது. உங்க 3600ல 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடக்கூடிய வேலை வரிசை). டாஸ்க் மேனேஜர் அந்தப் பன்னிரண்டுக்கும் சராசரி போட்டுக் காட்டுது. ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்துல அது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் தெரியும். இந்த சிம்ல விமானத்தோட சிஸ்டம், ட்ராஃபிக், ஏர்போர்ட் பொருள்கள்னு பெரும்பாலான கணக்கு மெயின் த்ரெட்ங்கிற ஒத்தை வரிசையில போகுது. ஊர் கூடி இழுக்கிற தேர் இல்லை இது, ஊசியில நூல் கோக்கிற வேலை. பக்கத்துல பதினோரு பேர் நின்னாலும் கோக்கிறது ஒருத்தர்தான்.

சந்தேகம் இருந்தா ரெண்டு சோதனை பண்ணுங்க. ஹீத்ரோ கேட்ல விமானத்தை நிறுத்திட்டு ரெண்டர் ஸ்கேலிங்கை 100லேர்ந்து 50க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் அசையலைன்னா கார்டு மேல குத்தமே இல்லை. டிஎல்எஸ்எஸ் போட்டும் ஏறலைன்னீங்களே, அதுவும் இதே சோதனைதான், தெரியாமலே பண்ணிட்டீங்க. டிஎல்எஸ்எஸ் கார்டோட சுமையைத்தான் குறைக்கும். சுமையே இல்லாதவன் தலையிலேர்ந்து எதை இறக்குறது?

ரெண்டாவது, ஜெனரல் ஆப்ஷன்ஸ்ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணி, மேல வர்ற மெனுவுல டிஸ்ப்ளே எஃப்பிஎஸ் கொடுங்க. "லிமிடெட் பை" என்ன வருதுன்னு பாருங்க. மெயின்த்ரெட்னு வரலாம், ஜிபியுன்னு வரலாம். கோஹெரன்ட்ஜிடிடிரான்னு வந்தா காக்பிட் திரைகளை வரையறதுல அடைப்புன்னு அர்த்தம். கூடவே மில்லி செகண்ட் கணக்கும் இருக்கும், அதையும் எழுதுங்க. எஃப்பிஎஸ்ஸைவிட அதுதான் உண்மை பேசும்.


பழைய_போர்டு:

மேல சொன்னது சரி. ஆனா செட்டிங்ஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்து "ஸ்பீடு" எவ்வளவுன்னு பாருங்க நண்பரே. ராம் பெட்டியில என்ன எழுதியிருக்குங்கிறது முக்கியமில்லை, அங்க என்ன காட்டுதுங்கிறதுதான் கணக்கு.

நான் ஒரு வருஷம் 3200 ராமை 2133ல ஓட்டின ஆள். அந்த ஒரு வருஷமும் சிம் தயாரிச்சவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி (ராமை பெட்டியில போட்ட வேகத்துல ஓட விடுற செட்டிங்) ஆன் பண்ணலைன்னா ராம் அதோட அடிப்படை வேகத்துலதான் ஓடும், யாரும் வந்து சொல்லமாட்டாங்க. ரைசன்ல இது ரெட்டை அடி. சிப்புக்குள்ள தகவல் போற பாதையோட வேகமும் ராம் வேகத்தோட கட்டிப் போட்டது.

பவர் சப்ளை பத்தி: 4070 கார்டு குடிக்கிறது 200 வாட், உங்க 3600 சிபியு குடிக்கிறது அதைவிடக் குறைவு. என்விடியா 650 வாட் வைக்கச் சொல்லுது. ஆனா பவர் பத்தலைன்னா மெஷின் பொட்டுன்னு அணைஞ்சு திரும்ப ஆன் ஆகும், 27 எஃப்பிஎஸ்ல சாதுவா ஓடிக்கிட்டு இருக்காது. உங்க நோய் அது இல்லை.


மேகக்கூட்டம்:

எதுக்கு இவ்வளவு சுத்து? 40 சீரிஸ் கார்டு வெச்சிருக்கார். டிஎக்ஸ்12 (கிராஃபிக்ஸ் மோடு) போடுங்க, விண்டோஸ்ல ஹார்டுவேர் ஜிபியு ஷெட்யூலிங் ஆன் பண்ணுங்க, ஃப்ரேம் ஜெனரேஷன் தட்டுங்க. 27 அப்படியே 50 ஆகும். ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு (படத்துக்கு) நடுவுல வர்ற ஃப்ரேமை கார்டே வரைஞ்சுடும், சிபியுவைக் கேக்கவே கேக்காது. நான் 144 ஹெர்ட்ஸ் ஜி-சின்க் (கார்டோட வேகத்துக்கு ஏத்தபடி திரை புதுப்பிக்கிற) மானிட்டர்ல ரெண்டு வருஷமா இப்படித்தான் பறக்கிறேன்.


சாயங்கால_பைலட்:

மூணு பேருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து பார்த்துட்டேன்.

மெயின்த்ரெட் சொன்னது அச்சு அசல். "லிமிடெட் பை மெயின்த்ரெட்". மெயின் த்ரெட் 37 மில்லி செகண்ட், ஜிபியு 14. ரெண்டர் ஸ்கேலிங்கை 50க்கு இறக்கினேன், எஃப்பிஎஸ் 27லேயே நிக்குது, படம் மட்டும் சேறு.

அடுத்ததைச் சொல்ல வெக்கமா இருக்கு. மெமரி ஸ்பீடு 2133. வாங்கினது 3200. இதை மூணு வருஷம் முன்னாடி நானே பயாஸ்ல ஆன் பண்ணது நல்லா ஞாபகம் இருக்கு. நடுவுல ஒரு தடவை பயாஸ் அப்டேட் பண்ணேன், அதுல பழைய நிலைக்குப் போயிருக்கணும். பழைய_போர்டு ஐயா, நீங்க ஒரு வருஷம்னா நான் எத்தனை மாசம்னு கணக்கு பாக்கவே விரும்பலை.

எக்ஸ்எம்பி போட்டதும் அதே கேட், அதே மேகம், மெயின் த்ரெட் 32. அதாவது 31 எஃப்பிஎஸ். கார்டு மாத்தி மூணு ஏறிச்சு, பயாஸ்ல ஒரு வரி மாத்தி நாலு ஏறியிருக்கு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

ஃப்ரேம் ஜெனரேஷனும் போட்டேன். எண் 50க்கு மேல காட்டுது. ஆனா ஸ்டிக்கை இழுத்தா மூக்கு யோசிச்சுட்டுத்தான் தூக்குது. ஓடுற எண்கள் மேல பேய் மாதிரி நிழல். எனக்கு மட்டும்தானா?


மெயின்த்ரெட்:

உங்களுக்கு மட்டும் இல்லை. மேகக்கூட்டம் சொல்றதும் பொய் இல்லை, அவர் மானிட்டர் வேற. நடு ஃப்ரேமை வரையணும்னா அடுத்த நிஜ ஃப்ரேம் வர்றவரைக்கும் கார்டு காத்திருக்கணும். நிஜ ஃப்ரேம் 45, 50 வந்தா அந்தக் காத்திருப்பு கைக்குத் தெரியாது. 27ல தெரியும். உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ங்கிறதால ஃப்ரேம் ஜெனரேஷன் எவ்வளவு போட்டாலும் திரைக்கு வர்றது அறுபதுதான், அதுல பாதி நிஜம். அதனால முதல்ல நிஜ ஃப்ரேமைத் தேத்துவோம். விஆர்ல (கண்ணுல மாட்டுற ஹெட்செட்) பறக்கிறவங்களுக்கு இந்த சிம்ல ஃப்ரேம் ஜெனரேஷன் வேலையே செய்யாதுங்கிறதையும் சொல்லி வைக்கிறேன், அந்த ஆசை வந்து இன்னொரு செலவு பண்ணிடாதீங்க.

இப்ப சிபியு மேல ஏறி உட்கார்ந்திருக்கிறதை மட்டும் இறக்கணும். எல்லா ஸ்லைடரையும் பயந்துபோய் லோவுக்குத் தள்ளுறவங்க நிறைய, பாதி வீண். முக்கியமான ஆள் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில். அல்ட்ராவுல அது 200. இது எவ்வளவு தூரம் வரைக்கும் நிலத்தை நுணுக்கமா காட்டணும்ங்கிற அளவு. தூரம் இரட்டிப்பானா பரப்பு நாலு மடங்கு, அதான் லண்டன் மாதிரி கட்டடம் நெருங்கிக் கிடக்கிற ஊர்ல இது ஆளைக் கொல்லுது. 100 வைங்க. 30,000 அடியில பறக்கும்போது 200 வேணும்னு தோணும், நியாயம்தான், ஆனா ரன்வேல நிக்கிறவருக்கு அடிவானத்து மலை எதுக்கு? அப்ஜெக்ட்ஸுக்கான இதே மாதிரி ஸ்லைடரும் 100 போதும்.

அடுத்தது ட்ராஃபிக். ஏர்போர்ட் வண்டிகள், ஆட்கள், நிறுத்தி வெச்ச விமானங்கள் எல்லாம் 20க்கு இறக்குங்க. கண்ணுக்குத் தெரியாத பேக்கேஜ் வண்டி ஒண்ணு டெர்மினலைச் சுத்தறதுக்கு உங்க ஃப்ரேம் போகுது. கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட் (காக்பிட் திரைகள் புதுப்பிக்கிற வேகம்) மீடியம். ஏ320ல அத்தனை திரையும் ஒவ்வொண்ணா வரையப்படுது, மறந்துடாதீங்க.

கார்டு பக்கம் எதையும் குறைக்காதீங்க. 14 மில்லி செகண்ட்ல வேலையை முடிச்சுட்டு மீதி நேரம் கொட்டாவி விடுது அது. டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸை எடுத்துட்டு டிஎல்ஏஏ (முழு அளவுல வரைஞ்சு ஓரங்களை மட்டும் வழவழப்பாக்குற வசதி) போடுங்க, எண்கள் திரும்பத் தெளிவாகும். மேகம் அல்ட்ராவுலேயே இருக்கட்டும். அதுக்குத்தானே காசு கொடுத்தீங்க.

கடைசியா, 30ல பூட்டுங்க. விசின்க் (படத்தைத் திரையோட வேகத்தோட சேர்க்கிற வசதி) போட்டு ரெஃப்ரெஷ் ரேட்ல 50 சதவீதம். அப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 33 மில்லி செகண்ட் கிடைக்கும். 25க்கும் 45க்கும் நடுவுல ஊஞ்சலாடுற படத்தைவிட அசையாத 30 கண்ணுக்கு ஆயிரம் மடங்கு மேல். இதுல என்கிட்ட சண்டைக்கு வர்றவங்க வரலாம்.


மேகக்கூட்டம்:

30ல பூட்டுறதா! சண்டைக்குத்தான் வர்றேன். ஆனா 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்னு நான் கவனிக்கலை, அதனால இந்தத் தடவை விடறேன்.


சாயங்கால_பைலட்:

சொன்னபடி எல்லாம் மாத்திட்டு நேத்து சாயங்காலம் பறந்தேன். ஹீத்ரோ கேட்ல மெயின் த்ரெட் 25 மில்லி செகண்ட், பூட்டாம விட்டா 40 எஃப்பிஎஸ். டிஎல்ஏஏ போட்டதுல ஜிபியு 22க்கு ஏறிச்சு, அதாவது இப்பத்தான் கார்டு சம்பளத்துக்கு வேலை பாக்குது. பிறகு 30ல பூட்டினேன். மேகக்கூட்டம் மன்னிக்கணும், எனக்கு இது பிடிச்சிருக்கு.

இறங்குறப்ப திக்கல் முழுசா போகலை. முதல் தடவை 300 அடியில ஒரு சின்ன வெட்டு வந்தது. பழைய கார்டு காலத்து ரோலிங் கேஷை (இறக்கின நிலப்படங்களை டிஸ்க்ல சேர்த்து வெக்கிற இடம்) அழிச்சுட்டுத் திரும்பப் போனேன், ரெண்டாவது தடவை வரலை. அழிச்சதாலயா, அதே இடத்துக்கு மறுபடி போனதாலயா, தெரியாது. தர்ட்டி, ட்வென்டி ரெண்டும் முழுசா காதுல விழுந்துச்சு. நிமிடத்துக்கு 180 அடி வேகத்துல தொட்டேன். டெர்மினல் பக்கம்தான் வண்டியும் ஆளும் இல்லாம ஊரடங்கு மாதிரி கிடக்கு, அது கொஞ்சம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.

ஒரே ஒரு கேள்வி. இதே போர்டுல 5800எக்ஸ்3டி சிபியு போடலாம்னு எங்கயோ படிச்சேன். உண்மையா?


பழைய_போர்டு:

உண்மை. அதே ஏஎம்4 சாக்கெட்தான், 2022ல வந்த சிப். உங்க 3600ல எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, அதுல 96. இந்த சிம் ராமுக்கு ஓடி ஓடித் தகவல் எடுக்கிற வகை, அதனால கேஷ் பெருசானா நல்லா எடுபடும். அது கிடைக்கலைன்னா 5700எக்ஸ்3டி பாருங்க, அதே 96 எம்பி, கிளாக் கொஞ்சம் கம்மி. ரெண்டுமே 105 வாட் சிப், உங்க 3600 கூட வந்த குட்டி ஃபேன் தாங்காது, கூலர் தனியா வாங்கணும்.

போர்டு கம்பெனி பக்கத்துல உங்க மாடலுக்கு அந்த சிப் ஆதரவு எந்த பயாஸ்லேர்ந்துன்னு பார்த்து, பழைய சிப் உள்ள இருக்கும்போதே அப்டேட் பண்ணிடுங்க. பண்ணி முடிச்சதும் உள்ள போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்க. ஆமா, மறுபடியும் போயிருக்கும்.