வளைகுடாவா, வியட்நாமா, இங்கேயேவா? ஏ320 விமான கேப்டன், கும்பகோணம் பக்கம் வீடு, அப்பா பேரில் ஒரு வேலி (பழைய நில அளவு) நஞ்சை

அரசலாறு கேட்டது:

வயது 39. மொத்தம் 6,200 மணி நேரம், அதில் கேப்டனாக 1,900. பேஸ் (பணித்தளம்) சென்னை. இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது, இரண்டுமே நிபந்தனையோடுதான். ஒன்று வளைகுடாவில் நேரடி கேப்டன் வேலை, குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். இன்னொன்று வியட்நாம், ஏஜென்சி ஒப்பந்தம், ஆறு வாரம் பறந்தால் மூன்று வாரம் வீடு.

மனைவி பள்ளி ஆசிரியை, பெண் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு 71 வயது, இன்னும் வயலுக்குப் போகிறார். சம்பளத்தில் பாதியைப் பக்கத்து வயலை வாங்கப் போடலாம் என்பது திட்டம்.

1. 12 மாத நோட்டீஸை எப்படிச் சமாளிப்பது?
2. இரண்டு சம்பளத்தையும் எதை வைத்து ஒப்பிடுவது?
3. நில விஷயத்தில் சிக்கல் வருமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெண்ணாறு பதில்:

நோட்டீஸிலிருந்து ஆரம்பிப்போம். 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) போட்ட விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். கம்பெனியே ராஜினாமாவை ஏற்று முன்கூட்டி என்ஓசி (தடையில்லாச் சான்று) கொடுத்தால் அந்தக் காலம் குறையும். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். உங்கள் விமான வகையில் கேப்டன் தட்டுப்பாடு இருக்கும் சீசனில் கேட்டால் கிடைக்காது.

வெளிநாட்டு நிறுவனம் இந்திய என்ஓசியைக் கேட்காது, அதனால் நோட்டீஸை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். நாளைக்குத் திரும்பி வந்து இங்கே எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதலில் கேட்பது பழைய கம்பெனியின் என்ஓசியைத்தான். போகும் வழி திறந்திருக்கும், வரும் வழி அடைபட்டிருக்கும்.

நிபந்தனை ஆஃபரை நம்பி ராஜினாமா எழுதக் கூடாது. வரிசை இதுதான்: சிமுலேட்டர் தேர்வு முடிந்து, அந்த நாட்டு மெடிக்கலில் தேறி, டிஜிசிஏவிடமிருந்து லைசென்ஸ் சரிபார்ப்புப் போய்ச் சேர்ந்து, நிபந்தனை நீங்கிய கடிதம் கையில் வந்த பிறகு ராஜினாமா. 12 மாதம் காத்திருப்பார்களா என்று ரெக்ரூட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் சேரும் தேதி மேட்டூர் திறப்பு மாதிரி. ஜூன் 12 என்பார்கள், மதகில் தண்ணீர் வந்த அன்றுதான் தேதி.

பலர் கோட்டை விடும் இடங்கள்:

லாக்புக்: ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே ரோஸ்டர் (பணி அட்டவணை) மென்பொருளிலிருந்து எல்லா வருடப் பறத்தல் பதிவையும் இறக்கி வையுங்கள். கடைசி நாளோடு லாகின் போய்விடும். டிஜிசிஏவின் ஈஜிசிஏ இணையதளக் கணக்கில் இருக்கும் மணி நேரமும் கையில் இருக்கும் லாக்புக்கும் ஒத்துப்போகிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். கேப்டன் மணி நேரத்தில் வித்தியாசம் இருந்தால் வெளிநாட்டு ஆபீஸில் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

சிமுலேட்டர் செக்: விலகும் மாதத்தில் உங்கள் சிமுலேட்டர் திறன் சோதனை காலாவதியாவது தெரிந்தால் இரண்டு மாதம் முன்பே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். போகிற ஆளுக்கு ஸ்லாட் ஒதுக்க யாருக்கும் மனசு வராது.

ரீசன்ஸி (அண்மையில் பறந்திருக்க வேண்டிய தகுதி): 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங். மிச்சமிருக்கும் லீவை எல்லாம் நோட்டீஸின் கடைசியில் குவித்தால் சேரும் நாளில் இது போயிருக்கும்.

இந்திய லைசென்ஸின் ஆயுள் 2023 திருத்தத்துக்குப் பிறகு பத்து வருடம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள், மெடிக்கலும் விமான வகைக்கான ரேட்டிங்கும் தனி. லீவில் வரும்போது இந்திய கிளாஸ் 1 மெடிக்கலையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

---

குடமுருட்டி பதில்:

சம்பளத்தை மொத்தத் தொகையில் ஒப்பிடாதீர்கள். உதாரணத்துக்கு இங்கே மாதம் 8 லட்சம், வருடம் 96 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 புதிய வரி முறையில் 75,000 நிலைக்கழிவு போக 95.25 லட்சம். 24 லட்சம் வரை வரி 3 லட்சம். அதற்கு மேல் 71.25 லட்சத்துக்கு 30 சதவீதம், 21.375 லட்சம். 50 லட்சத்தைத் தாண்டியதால் 10 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் ஏறக்குறைய 27.9 லட்சம். கைக்கு வருவது மாதம் 5.68 லட்சம். வளைகுடா ஆஃபரை இந்த 5.68-ஓடு வையுங்கள், 8-ஓடு அல்ல. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வாடகை, பள்ளிக் கட்டணம், கார் மூன்றையும் முதலில் கழியுங்கள். உங்கள் மனைவியின் சம்பளமும் நின்றுபோகும், அதையும் சேர்த்துக் கழியுங்கள்.

அடுத்து பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) பறக்கும் படியும். ஐக்கிய அமீரகத்தில் பணிக்கொடை பேசிக்கில்தான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். பேசிக் 30,000 திர்ஹாம் என்றால் வருடத்துக்கு 21,000, ஐந்து வருடத்துக்கு 1,05,000. பேசிக்கை 18,000 ஆக வைத்து மிச்சத்தைப் படியாகக் கொடுத்தால் அதே ஐந்து வருடத்துக்கு 63,000தான். லீவு மாதத்திலும் மெடிக்கலில் தரையில் உட்காரும் மாதத்திலும் பெரும்பாலும் வருவது இந்த பேசிக்தான். திர்ஹாம் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் நாணய ஆபத்து உங்கள் பக்கம் குறைவு.

இனி தேதி. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் கீழே இருந்தால்தான் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்). ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181 ஆகிறது. அன்றைக்குள் கிளம்பி, அதே நிதியாண்டில் திரும்பி வராமல் இருந்தால் சரி. அக்டோபரில் போனால் மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே வரி. பொங்கலுக்கு வரும் எண்ணம் இருந்தால் அந்த நாள்களை முன்கூட்டியே கழித்து ஆகஸ்டிலேயே கிளம்ப வேண்டும். சென்னை லேஓவரும் (பறப்புகளுக்கு நடுவே தங்குவது) இந்திய நாள்தான், பைலட்டுகள் எண்ண மறப்பது இதை. உங்கள் 12 மாத நோட்டீஸைப் பின்னோக்கி எண்ணி எந்த மாதம் கடிதம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

சம்பளம் முதலில் அந்த ஊர்க் கணக்கில் விழட்டும், பிறகு என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான இந்திய வங்கிக்) கணக்குக்கு அனுப்புங்கள். இங்கே இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றுவது கட்டாயம். அதில் வரும் வட்டிக்கு 30 சதவீதமும் அதற்கு மேலும் பிடிப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை.

---

மண்ணியாறு பதில்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பக்கத்து வயல் திட்டம் நடக்காது.

ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிப்படி என்ஆர்ஐ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடு, மனை, கடை வாங்கலாம். நஞ்சையோ புஞ்சையோ கூடாது. இங்கே 182 நாள் கணக்கும் செல்லாது. வேலைக்கென்று விமானம் ஏறிய நாளே ஃபெமா கண்ணில் நீங்கள் வெளிநாட்டுவாசி. பத்திர ஆபீஸில் யாரும் கேட்கவில்லை, பதிவாகிவிட்டது என்று சொல்வார்கள். பதிவாவது வேறு, சட்டப்படி செல்வது வேறு. விற்கும்போது பணத்தை வெளியே எடுக்கப் போனால் அங்கே மாட்டும்.

ஏற்கெனவே உங்கள் பேரில் இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குப் பிறகு வாரிசாகவோ உயிலிலோ வந்தாலும் தடையில்லை. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போது தானசெட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுத்தால், நீங்கள் என்ஆர்ஐ ஆன பிறகு அதை ஏற்க முடியாது. அதனால் 'போகும் முன்பே எழுதி வாங்கிவிடு' என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். என் கருத்தில் அவசரம் வேண்டாம். சிட்டா உங்கள் பேருக்கு மாறியதும் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவுக்குக் கிடைக்கும் பயிர்க்கடனில் சிக்கல் வரலாம். குறுவைக்கு நாற்று விட வேண்டிய நேரத்தில் அவர் சங்க வாசலில் நிற்பார். எப்படியும் வாரிசாக வரப்போவதை இப்போது ஏன் இழுக்க வேண்டும்? பக்கத்து வயல் உண்மையிலேயே வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே, இந்தியச் சம்பளத்தில், உங்கள் பேரில் கிரயம் முடித்துப் பட்டா மாற்றிவிடுங்கள்.

பவர் பத்திரத்தையும் இங்கேயே பதிந்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் தூதரகத்தில் சான்று வாங்கி, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்த மூன்று மாதத்தைத் தவற விட்டுப் பத்திரமே பயனற்றுப் போவது சாதாரணம். அப்பாவால் முடியாமல் போனால் யாரிடமாவது வாய்வார்த்தையில் குத்தகைக்கு விடுவது, நிலத்தைத் திரும்ப வாங்குவது நம் பக்கத்தில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

---

திருமலைராஜன் பதில்:

எல்லோரும் வளைகுடாவைப் பற்றியே எழுதிவிட்டார்கள். வியட்நாம் ஏஜென்சி ஒப்பந்தத்தைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: முதலாளி யார்? பறப்பது விமான நிறுவனத்துக்கு, கையெழுத்து ஏஜென்சியோடு. வழக்கு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் முதல் பக்கத்துச் சம்பளத்தைப் படிப்பதில் பயனில்லை. பணிக்கொடை பெரும்பாலும் கிடையாது. லைசென்ஸ் இழப்புக் காப்பீடு யார் கட்டுவது, மெடிக்கல் போனால் எத்தனை நாள் சம்பளம், அவர்கள் நீக்கினால் எத்தனை நாள் நோட்டீஸ், நீங்கள் விலகினால் பயிற்சிச் செலவில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா அல்லது கடைசி நாள் வரை முழுசாக நிற்குமா, இத்தனையும் எழுத்தில் வேண்டும்.

சம்பளம் வரிக்கு முன்பா பின்பா? வியட்நாமில் 183 நாள் இருந்தால் வரிக் கணக்கில் அந்த நாட்டுவாசி, உச்ச விகிதம் 35 சதவீதம். 'நெட்' என்று எழுதியிருந்தால் வரியைக் கட்டியதற்கான சான்றிதழை வருடா வருடம் தர வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே எப்போதாவது கணக்குக் காட்ட வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

மூன்று வார வீடு என்பதையும் எண்ணிப் பாருங்கள். 63 நாள் சுற்றில் 21 நாள். வருடத்துக்கு ஏறக்குறைய 122 நாள் இந்தியாவில். குடமுருட்டி சொன்ன 182-க்குள் அடங்கும். ஆனால் உங்கள் இந்திய வருமானம், வாடகை, வட்டி, பங்கு எல்லாம் சேர்த்து 15 லட்சத்தைத் தாண்டினால் வரம்பு 182 இல்லை, 120. ஓரிரு நாளில் கோட்டைத் தாண்டுவீர்கள். தாண்டினாலும் கிடைப்பது 'சாதாரணமாக வசிக்காத ரெசிடென்ட்' நிலைதான், வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி விழாது. ரிட்டர்னை மட்டும் சரியாகப் போட வேண்டும்.

அந்த 21 நாளும் முழுசாக வீட்டில் இல்லை. பயணம் அவர்கள் நாளிலா, உங்கள் நாளிலா? டிக்கெட் உறுதியானதா, ஸ்டாண்ட்பையா (சீட் மிஞ்சினால் மட்டும்)? சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத் திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் இரண்டரை மணி நேரம். திருச்சிக்கு வருவது எல்லாம் சிறு விமானம், பண்டிகைச் சமயத்தில் ஸ்டாண்ட்பை சீட் கிடைக்காது. வளைகுடாப் பெரிய நிறுவனங்கள் சென்னையில்தான் இறங்கும், அதற்கு மேல் உழவன் எக்ஸ்பிரஸ். அப்பாவுக்கு ராத்திரி ஒன்று என்றால் எத்தனை மணி நேரத்தில் வீட்டு வாசலில் நிற்பீர்கள் என்பதை இரண்டு ஆஃபருக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

நிரந்தரம் பற்றியும் பேசிவிடலாம். வெளிநாட்டுக்காரன் முதலில் வெட்டப்படுவான் என்பது 2020-ல் எல்லோரும் பார்த்தது. ஹாங்காங்கின் கேத்தே டிராகன் விமான நிறுவனம் அந்த அக்டோபரில் மொத்தமாகவே மூடப்பட்டது. அதற்காக இங்கே கல்வெட்டு என்றும் சொல்ல முடியாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். வித்தியாசம், அங்கே வேலை போனால் விசாவும் போகும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கிளம்பவும் தடை விழலாம். அங்கே போனதும் கார் லோன், பெரிய கிரெடிட் கார்டு எதுவும் வேண்டாம்.

65 வயது வரை பறக்கலாம் என்பதால் உங்களுக்கு இன்னும் 26 வருடம். ஐந்து வருடம் கழித்துத் திரும்பினால் இங்கே சீனியாரிட்டி அடியிலிருந்து. பேஸ் கேட்பதும் தீபாவளி லீவு கேட்பதும் அந்த வரிசைப்படிதான். இந்தியாவில் 2025 ஜூலையிலிருந்து வார ஓய்வு 48 மணி நேரம். அங்கே அந்த நாட்டு விதி. ஆஃபரோடு ஒரு மாத ரோஸ்டர் மாதிரியைக் கேட்டு, இரவு டூட்டி எத்தனை என்று எண்ணுங்கள்.

---

அரசலாறு:

நன்றி. நிலம் வாங்கும் திட்டத்தை விட்டுவிட்டேன். வளைகுடா என்றால் அம்மா அப்பாவை வருடம் ஒரு முறை கூட்டிப் போக வேண்டும். அப்பா பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல், இனிஷியல் கூட இல்லை. பிரச்சினையா?

---

வெண்ணாறு பதில்:

பிரச்சினைதான். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு ஐக்கிய அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தாத்தா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். ஆதாரிலும் அப்படியே மாற்றுங்கள். பட்டாவில் அவர் பெயர் இனிஷியலோடு இருந்தால் அதையும் பாருங்கள், பிறகு வாரிசுச் சான்றில் 'இருவரும் ஒருவரே' என்று அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் பெயரும் லைசென்ஸ், பாஸ்போர்ட், பட்டம் மூன்றிலும் ஒரே மாதிரி விரிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் முழுப் பெயர் என்றால் சரிபார்ப்பிலேயே திரும்பி வரும். குடும்ப விசாவுக்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும், சுவாமிமலையில் கல்யாணம் செய்த ரசீதும் பத்திரிகையும் போதாது. பெண்ணின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும் பழைய சான்று செல்லாது. இந்த இரண்டு சான்றும் மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் முத்திரை வாங்க வேண்டும். ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக முடியாது.