பழைய பஜேரோவுக்குப் பின்பக்கக் காயில் ஸ்பிரிங்: எடை போட்டுப் பார்த்த பிறகுதான் சரியானது கிடைத்தது

பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் 2005, கோவை

திருவள்ளூர் ஆலையில் பூட்டி வந்த 2.8 டீசல் வண்டி. அப்பா வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் கம்பி (டார்ஷன் பார்), பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சுக்கூடு (ஹவுசிங்), அதன் மேல் காயில் ஸ்பிரிங். போன வருடம் ஐந்து பேர் சாமான்களோடு கோத்தகிரி ஏறினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, 'டம்' என்று பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் முட்டும் ரப்பர் கட்டையில்) இடித்தது. வீட்டுக்கு வந்து சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடு ஹப்பிலிருந்து மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். இடது பக்கம் வலதைவிட 2 செ.மீ. தாழ்ந்திருந்தது.

கழற்றினபோது அடிச்சுற்றில் பெயிண்ட் உரிந்து, கம்பி பளபளவென்று தேய்ந்திருந்தது. கீழே உட்காரும் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயரத்திலேயே விரலளவு வித்தியாசம். மாற்றியே ஆகவேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. தப்பு நடந்தது அதற்கு அப்புறம்தான்.

கடையில் "ஹெவி டியூட்டி போடுங்க சார், இனிமே உட்காரவே உட்காராது" என்றார்கள். கம்பி கொஞ்சம்தான் தடிமன், நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். பூட்டியதும் பின்பக்கம் 5 செ.மீ. தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் நானும் அம்மாவும் மட்டும் போனால் வேகத்தடையில் வண்டி துள்ளியது. ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு 'டொக்' என்று முட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. ஈர ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பக்கவாட்டில் குதித்தது. அன்றைக்குப் பயந்துபோனேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததும் இதை அப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் கணக்கை உட்கார்ந்து படித்தேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 14 மி.மீ. கம்பியை 15 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், விறைப்பு 32 சதவீதம் கூடிவிடும். கையில் பிடித்துப் பார்த்தால் அந்த 1 மி.மீ. தெரியவே தெரியாது. சுற்றின் அகலம் கூடினால் விறைப்பு குறையும், அதுவும் மூன்றாம் அடுக்கில். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு ஏறும். அதனால்தான் உயரத்தைக் குறைக்க ஒரு சுற்றை அறுத்துவிட்டால் வண்டி கட்டை மாதிரி விறைத்துவிடுகிறது. பாரம் இல்லாமல் தரையில் நிற்கும் ஸ்பிரிங்கின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவதிலும் பயனில்லை. குட்டையான விறைப்பு ஸ்பிரிங், நெட்டையான மெத்து ஸ்பிரிங்கைவிட வண்டியை உயரமாக நிறுத்தலாம்.

அடுத்து லாரி எடைமேடைக்குப் போனேன். காலியாக, நான் மட்டும் இருந்தபடி, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியபோது 960 கிலோ. மறுவாரம் அதே ஐந்து பேர், பெட்டிகள், முழு டேங்க் டீசல்: 1,240 கிலோ. வித்தியாசம் 280, ஒரு பக்கத்துக்கு 140. ஒரு மி.மீ. அமுங்க இரண்டரை கிலோ வேண்டும் என்கிற ஸ்பிரிங்கில் இந்த 140 கிலோவுக்கு 56 மி.மீ. இறங்கும். 32 சதவீதம் விறைப்பானதில் சுமார் 42. அந்த 14 மி.மீ. லாபத்துக்காக வருடம் முழுக்க காலி வண்டியில் எல்லாரும் குலுங்கிக்கொண்டு போகவேண்டுமா? எங்கள் வண்டி வருடத்தில் பத்து நாள்தான் நிறைந்து ஓடுகிறது. மறுபடி கம்பெனி அளவிலேயே ஒரு ஜோடி புதிது வாங்கினேன், கூடவே புது ரப்பர் சீட்டும்.

சஃபாரி டைகோர் 2008, திருநெல்வேலி

நான் ஸ்பிரிங்கை மாற்றாமல் தப்பிக்கப் பார்த்தவன். பின்னால் தாழ்ந்ததும் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தார்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்று. இரண்டு மாதம் வண்டி நிமிர்ந்து நின்றது, சந்தோஷமாக இருந்தது. ஆனால் பஃபர் பிடித்த சுற்று அசையாது. அந்த வேலையையும் சேர்த்து மற்ற சுற்றுகள் செய்யவேண்டும். கயத்தாறு தாண்டி நாற்கரச் சாலையில் ஒரு பெரிய சத்தம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது சுற்றில் முறிவு. உடைந்த முகத்தில் பாதி பழைய துரு நிறம், பாதி புது வெள்ளி நிறம். அந்த விரிசல் ரொம்ப நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தார்கள்.

பழைய இரும்புக் கடையில் எடுத்த ஸ்பிரிங்கையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மேலே புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் அடியில் துரு பிடித்த குழி கண்ணுக்குத் தெரியாது. முறிவு அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும். சூடு வைத்து இழுத்துத் தருகிறேன் என்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். பதம் போன கம்பி சீக்கிரமே மறுபடி உட்கார்ந்துவிடும். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வேறு பார்ட் நம்பர் உள்ள வண்டிகளும் உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள்.

லேண்ட் குரூசர் 80, பேர்த்

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். 80 சீரிஸுக்கு முன்னும் பின்னும் காயில்தான். அவுஸ்திரேலியாவில் ஓல்ட் மேன் ஈமு, டாபின்சன்ஸ் போன்ற ஸ்பிரிங் கம்பனிகள் எல்லாம் ஒரே வாகனத்துக்குப் பல பின் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். எத்தனை அங்குலம் உயரும் என்பதை விட, நிரந்தரமாக எவ்வளவு பாரம் இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். டிராயர், இரண்டாவது பற்றரி, பெரிய டேங்க், இவை எப்போதும் வாகனத்தில் கிடப்பவை. விடுமுறைக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கரவன் (சக்கரத்தில் ஓடும் சிறு வீடு) அப்படி இல்லை. நான் நிரந்தரப் பாரத்துக்கு ஸ்பிரிங் எடுத்தேன். கரவனுக்காகக் காயிலுக்குள்ளே ஏர் பேக், அதாவது காற்றடைத்துப் பாரம் தாங்கும் பை, வைத்தேன். இழுக்கும் நாளில் காற்று கூட்டுவேன், வந்ததும் குறைப்பேன். காலியாக ஓடும்போதும் 5 பிஎஸ்ஐக்குக் கீழே விடமாட்டேன், பேக் மடிந்து உரசி ஓட்டையாகிவிடும்.

பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் 2005, கோவை

அண்ணா, அந்த நிரந்தரப் பாரம் என்ற கேள்வியை எங்கள் ஊர்க் கடைகளிலும் கேட்டால் எவ்வளவோ பேருக்குப் பணம் மிச்சமாகும். ஏர் பேக்கை நானும் யோசிக்கிறேன்.

பூட்டும்போது கவனித்த இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஹவுசிங்கை வண்டியோடு இணைக்கும் கைகளின் (ஆர்ம்) ரப்பர் புஷ் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கி இறுக்கக்கூடாது. வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். இன்னொன்று, பின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பழைய வண்டிகளில் உண்டு, கம்பி ஒன்று ஹவுசிங்கில் கோத்திருக்கும். உயரமான ஸ்பிரிங் போட்டால் வண்டி காலியாக இருப்பதாக அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தத் தடி ஸ்பிரிங் இருந்தபோது முன் பிரேக் பேட் ஏன் சீக்கிரம் தேய்ந்தது என்று இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

புது ஸ்பிரிங் 2,000 கி.மீ. ஓடியதும் மறுபடி டேப் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 7 மி.மீ. இறங்கி நின்றிருக்கிறது. ஹெட்லைட்டை அதற்கு அப்புறம்தான் செட் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கோத்தகிரி வரை பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார்.