பாலில் கலந்த மெலமைன்: வெள்ளிச் சில்லில் முகடு ஏன் மறைகிறது?

கேள்வி

வணக்கம். பாலில் கலந்த மெலமைனை (பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள்) ராமன் சிதறலால், அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு, கண்டறிய முயன்று வருகிறேன். கண்ணாடித் தகட்டில் பாலிஸ்டைரீன் நுண்கோளங்களை ஓரடுக்காகப் படியவிட்டு, அவற்றின்மேல் வெற்றிடத்தில் வெள்ளி பூசிய சில்லைப் பயன்படுத்துகிறேன். தண்ணீரில் கரைத்த மெலமைன், சிதறிய ஒளியின் வரைபடத்தில் 700 செ.மீ⁻¹ அருகே கூர்மையான முகடு தருகிறது. அதே அளவைப் பாலில் கலந்து ஒரு சொட்டு வைத்தால், வரைபடத்தின் அடிக்கோடு மேடாக எழும்புகிறதே தவிர முகட்டைக் காணவில்லை. வெள்ளிப் படலத்தைத் தடிமனாக்க வேண்டுமா, லேசரின் திறனைக் கூட்ட வேண்டுமா?

பதில் 1

இரண்டும் வேண்டாம். திறனைக் கூட்டினால் சொட்டு கருகி, 1350, 1580 செ.மீ⁻¹ அருகே கரிக்கே உரிய இரண்டு அகன்ற மேடுகள்தான் மிஞ்சும். கோளங்களுக்கு இடையிலான இடுக்குகளில் ஒளியின் மின்புலம் பன்மடங்கு பெருகுவது உண்மையே என்றாலும், அந்தப் பெருக்கம் உலோகத்திலிருந்து சில நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. லிட்டருக்கு 30 கிராமுக்குக் குறையாமல் புரதம் உள்ள பாலில், பாலின் முக்கியப் புரதமான கேசீன் முந்திக்கொண்டு வெள்ளியை மூடிவிட்டால் மெலமைனுக்கு அங்கே இடமில்லை. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்துப் புரதத்தைத் திரியவைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் நீரை மட்டும் சொட்டிப் பாருங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எந்த அளவைப் பிடிக்க வேண்டும் என்பதையும் முதலில் முடிவு செய்யுங்கள். 2008இல் சீனாவில் குழந்தைகளைப் பாதித்த கலப்படம், புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை வைத்துக் கணக்கிடும் முறையை ஏமாற்றுவதற்காகவே நடந்தது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதன்பின் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு குழந்தைப் பால்மாவுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். ஒற்றை மூலக்கூறைத் தேடும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் முகட்டின் உயரத்தை மெலமைனின் அளவோடு பொருத்திக் காட்டும் அளவீட்டுக் கோட்டைத் தண்ணீரில் வரையாமல், மெலமைன் இல்லாத பாலில் தெரிந்த அளவுகளைக் கலந்து, இதே சுத்திகரிப்பைச் செய்து வரையுங்கள்.

பதில் 3

சில்லின் வயதையும் பாருங்கள். நான் ஒருமுறை வெள்ளிச் சில்லுகளின் பெட்டியை ரப்பர் வளையத்தால் கட்டி இழுப்பறையில் வைத்துவிட்டேன்; சில வாரங்களில் வளையத்தை ஒட்டிய ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. கந்தகம் வெள்ளியை விடாது. நைட்ரஜன் நிரப்பிய உறையில் வைக்க இயலாவிட்டால், 785 நானோமீட்டர் லேசரோடு தங்கப் பூச்சுக்கு மாறுவது நல்லது, பெருக்கம் சற்றுக் குறைந்தாலும்.

கேட்டவர்

நன்றி. தெளிந்த நீரில் முகடு தெரிகிறது, உயரம் மட்டும் தண்ணீரில் கண்டதில் பாதிதான். ஒரே சில்லில் இடத்துக்கு இடம் உயரம் மாறுவதால், 20 புள்ளிகளின் சராசரியை எடுத்துக் கோட்டை மறுபடி வரைகிறேன்.