பின்சக்கர பேரிங்: பிரஸ் இல்லாமல் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

மாலைவெயில் கேட்கிறார்:

வணக்கம். என் காரின் பின்பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கேட்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தொடங்கி, வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டாலும் நிற்பதில்லை. இடப்பக்கம் வளைந்தால் சத்தம் கூடுகிறது, வலப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. முன்சக்கர இயக்கம், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு.

ஜாக்கி, தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகள், சாக்கெட் செட், வைஸ், சுத்தியல் எல்லாம் இருக்கின்றன. பேரிங்கை அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் பிரஸ் மட்டும் இல்லை. பின்சக்கர பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) போயிருக்கும் என்று நினைக்கிறேன். நானே மாற்றிவிட முடியுமா? இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா?

நடுவழி:

பேரிங் வாங்குவதற்கு முன் பின் டயர்களின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். டயரின் ரப்பர் கட்டைகள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு அசலாக இதே உறுமல்தான் வரும். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் பேரிங்கைத் தொட வேண்டியதில்லை.

பழையஸ்பேனர்:

நடுவழி சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. அதன் பிறகும் சத்தம் பின்னாலேயே இருந்தால் நான் வலப்பக்கத்தைத்தான் சந்தேகிப்பேன். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மீது சாய்கிறது, பழுதான பேரிங் பாரம் ஏறும்போது அலறுகிறது. ஆனால் காதை மட்டும் நம்பாதீர்கள், வண்டியின் கூட்டுக்குள் சத்தம் இடம் மாறிக் கேட்கும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ஒரு கையின் விரல்களைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதென்றால் மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரல் நுனிக்கு வரும். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்து, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பழைய வடிவமைப்பில் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள், காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவுக் கம்பி) போட்ட நட். சில வண்டிகளில் ஹப்பும் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) பேரிங்கும் ஒரே பொருளாக நான்கு போல்ட்டில் பூட்டியிருக்கும், அதற்குப் பிரஸ்ஸே தேவையில்லை. மூன்றாவது, டிரம்மின் நடுத்துளைக்குள் அழுத்திப் பொருத்தி சர்க்ளிப் (பள்ளத்தில் விரிந்து பேரிங்கை வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) போட்ட இரட்டை வரிசை பேரிங். அந்த மூன்றாவது வகைதான் உங்களுக்கு வேலை வைக்கும்.

சக்கரத்தின் நடுவே அச்சுமுனையில் பூட்டியிருக்கும் நடுநட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு நீளமான கம்பியை மாட்டித் தொங்கினால் வண்டி சரியலாம். தளர்த்திய நட்டோடு வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. டிரம் வர மறுத்தால், உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூக்களின் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்புங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து விழும். உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

இப்போது நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். புதிய பேரிங்குகளில் பல, ஓடித் தேய்ந்து சாவதில்லை, பொருத்தும்போதே கொல்லப்படுகின்றன. பேரிங்கின் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே உருளும் குண்டு, வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. டிரம்முக்குள் இறுக்கமாகப் போவது வெளி வளையம். நீங்கள் உள் வளையத்தில் வைத்துத் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு குண்டும் தன் பாதையில் ஒரு நுண்ணிய பள்ளத்தைப் பதித்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கையால் சுற்றினால் வழவழவென்றுதான் சுற்றும். கொஞ்ச காலத்தில் அதே உறுமல் திரும்பி வரும், பழி பேரிங் கம்பெனியின் மேல் விழும். எனவே எந்த வளையம் இறுக்கமாகப் போகிறதோ அந்த வளையத்தில் மட்டுமே விசை விழ வேண்டும்.

பிரஸ் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். தடித்த உயர்வலு எஃகில் மரை போட்ட கம்பி ஒன்று, இரண்டு நட்டுகள், கனமான வாஷர்கள் போதும். பழைய பேரிங்கின் வெளி வளையம் முழுசாகக் கிடைத்தால் அதையே தள்ளுவதற்குப் பயன்படுத்துங்கள். அதன் பக்கவாட்டில் கிரைண்டரால் ஒரு கோடு வெட்டிப் பிளந்துவிட்டால் துளைக்குள் சிக்கிக்கொள்ளாமல் சுலபமாக வெளியே வரும். புதிய பேரிங்கைப் பொட்டலத்தோடு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள், டிரம்மின் நடுப்பகுதியை வெந்நீரிலோ ஹாட் ஏர் கன்னிலோ சூடாக்கித் துடையுங்கள். தீ வைத்துச் சூடாக்கவே வேண்டாம். கம்பியைக் கோத்து, நட்டைச் சுற்றச் சுற்ற பேரிங் நேராக உள்ளே இழுபடும். சாய்ந்து போனால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் திருப்பும் கைக்கு அந்த இறுக்கம் சட்டென்று தெரியும். சர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுவதும் விரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் மாற்றத் தேவையில்லை. பிரேக் ஷூவை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பேரிங்குக்கு அந்த விதி கிடையாது.

மாலைவெயில்:

மிக்க நன்றி ஐயா. டயர் மாற்றிப் பார்த்தேன், சத்தம் பின்னாலேயே இருந்தது. விரல் சோதனையில் வலப்பக்கம்தான் நறநறத்தது. அது அழுத்திப் பொருத்திய வகை. டிரம்மை இழுத்தபோது பேரிங் பிரிந்து, உள் வளையத்தின் ஒரு பாதி அச்சுமுனையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வளையத்தின் ஓடுபாதையில் அம்மை வடு போலக் குழிகள். ஒட்டியதை எப்படி எடுப்பது? புதிய பேரிங்கின் ஒரு முகம் கறுப்பாகவும் மறுமுகம் வேறு நிறத்திலும் இருக்கிறது. எது உள்ளே?

பழையஸ்பேனர்:

வளையம் ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். இரண்டு நகங்களால் பிடித்து இழுக்கும் புல்லருக்கு அது மசியாவிட்டால், கிரைண்டரால் வளையத்தில் சாய்வாக ஒரு வெட்டுப் போடுங்கள். முக்கால் ஆழத்தோடு நிறுத்திவிட வேண்டும், அச்சுமுனையைத் தொட்டால் காரியம் கெட்டது. வெட்டில் உளியை வைத்து ஒரே தட்டு. கடினமாக்கிய எஃகு என்பதால் பட்டென்று விரிசல் விட்டுக் கையோடு வரும், சில்லும் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். பிறகு அச்சுமுனையைத் துடைத்து நகத்தால் தடவுங்கள். வரி விழுந்திருந்தாலோ நீலம் பாரித்திருந்தாலோ வளையம் அதன் மேல் சுழன்றிருக்கிறது என்று பொருள், அந்த முனையையும் மாற்றியாக வேண்டும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில வண்டிகளில் ஏபிஎஸ்ஸுக்கான காந்த வளையம் பேரிங்கின் சீலிலேயே இருக்கும், வேறு சிலவற்றில் டிரம்மின் பின்புறம் தனி வளையமாக இருக்கும். சன்னமான பேப்பர் கிளிப் எந்த முகத்தில் ஒட்டுகிறதோ அதுவே காந்த முகம், அது சக்கர வேகத்தை அறியும் சென்சாரைப் பார்த்து உள்ளே போக வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் போன்ற வலுவான எதையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள், இரும்புத்தூளும் ஒட்டக் கூடாது.

நடுவழி:

நடுநட்டைப் புதிதாக வாங்கிவிடுங்கள். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு நட்டை இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லையென்றால் இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள்.

பழையஸ்பேனர்:

ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த வகையில் உள் வளையம் இரண்டு பாதிகளாக இருக்கிறது, அவற்றைச் சரியான அளவுக்கு நெருக்கிப் பிடிப்பது அந்த நட்டுதான். எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். கூம்பு உருளை வகைக்கு இதற்கு நேர்மாறான வழி: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின்பு தளர்த்தி, கை இறுக்கத்தில் விட்டுக் காட்டர் பின் போட வேண்டும். இணையத்தில் அந்த வகைக்குச் சொல்லியிருப்பதைப் படித்து இதற்குச் செய்துவிடாதீர்கள்.

டிரம்மைப் போட்டதும் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடியே இருந்தால் காந்த முகத்தையும் சென்சார் முனையையும் முதலில் பாருங்கள்.