சயின்ஸ் கம்யூனிகேஷன் மாஸ்டர்ஸ்: லோன் போட்டு யூகே போற அளவுக்கு ஒர்த்தா?

தயிர்டப்பா:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சிட்டு சென்னைல ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா இருக்கேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அடுத்து பிஎச்டி தான்னு வீட்லயும் லேப்லயும் அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, எனக்குத்தான் மனசு ஒட்டல. லேப் வேலை புடிக்காதுன்னு இல்ல. ஆனா ஓப்பன் டே அன்னிக்கு ஸ்கூல் பசங்க வரும்போது தயிர ஸ்லைடுல மெலிசா தேய்ச்சு, சூடு காட்டி, மெத்திலீன் ப்ளூ விட்டு கழுவி, மைக்ரோஸ்கோப்ல வச்சு "சங்கிலி மாதிரி தெரியுதுல்ல, காலைல நீ குடிச்ச மோர்ல இருந்தது இதான்"னு காட்டும்போது வர்ற சந்தோஷம் ஜெல் ஓட்டும்போது வரமாட்டேங்குது. ஒரு பொடியன் "அக்கா, இப்போ அது செத்துருச்சா"ன்னு கேட்டான், ஆமாடா சூட்டுல செத்துருச்சுன்னேன், முகமே வாடிப்போச்சு அவனுக்கு. அப்புறம் வந்த பசங்களுக்கு ஸ்டெயின் பண்ணாம உயிரோடயே காட்டினேன், கைட் திட்டினார், அது வேற கதை.

விஷயத்துக்கு வர்றேன். யூகேல சயின்ஸ் கம்யூனிகேஷன்னு ஒரு வருஷ எம்எஸ்சி இருக்கு. இம்பீரியல், எடின்பரோ, மான்செஸ்டர், பிரிஸ்டல்ல யூடபிள்யூஈ எல்லாம் பாத்தேன். ஃபீஸ் பாத்தா தலை சுத்துது, லோன்னு போனா அப்பா பேர்ல இருக்கற வீட்டைத்தான் வைக்கணும். அப்பா ஒரே கேள்விதான் கேக்குறார், "இத படிச்சா என்ன வேலைம்மா?" என்கிட்ட பதில் இல்ல. உள்ள என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க, அறிவியல ஈசியா சொல்றதுக்கு ஒரு டிகிரி வேணுமா, இந்தியாவுலயே வழி இருக்கா? எனக்கு தமிழ்ல எழுதணும்னுதான் ஆசை, அதுக்கு எதுக்குடி லண்டன்னு ஃப்ரெண்ட் சிரிக்கிறா, அதுவும் நியாயமாத்தான் படுது. படிச்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மழைக்காகிதம்:

தங்கச்சி, நான் சில வருஷம் முன்னாடி யூகேல இதே கோர்ஸ் படிச்சவ. ஈசியா சொல்றதுக்கு டிகிரி வேணுமான்னு கேட்டா, வேணாம். அதுக்காகத்தான் போறேன்னா போகவே போகாத, அந்தக் காசுல ஊர்ல நிலம் வாங்கிப் போடலாம்.

எங்க பேட்ச்ல பாதிப்பேர் அத எதிர்பார்த்துதான் வந்தாங்க, ஆனா முதல் டேர்ம் பூரா ஹிஸ்டரியும் சோஷியாலஜியும் தான். 1985ல ராயல் சொசைட்டிங்கற பிரிட்டன் விஞ்ஞானிங்க அமைப்புக்காக பாட்மர்னு ஒரு விஞ்ஞானி தலைமைல ரிப்போர்ட் வந்துச்சு, ஜனங்களுக்கு அறிவியல் புரியணும், விஞ்ஞானிங்க வெளிய வந்து பேசணும்னு. நல்ல எண்ணம்தான், ஆனா அடியில ஒரு கணக்கு இருக்கு: ஜனங்க தலை காலிப்பானை, நாம ஊத்திட்டா நம்பிருவாங்க. இதுக்கு டெஃபிசிட் மாடல்னு பேர், அது ஏன் வேலைக்கு ஆகாதுன்னு பாக்குறதுலயே அந்த டேர்ம் ஓடிரும். அப்புறம் பைத்தியக்கார மாடு நோய் விவகாரம். 1990ல அங்க விவசாய மந்திரி கேமரா முன்னாடி தன் சின்னப் பொண்ணுக்கு பர்கர் ஊட்டப் பாத்தார், மாட்டுக்கறி பத்திரம்னு காட்ட. 1996ல அந்த நோய் மனுஷனுக்கும் வரும்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம் சொல்றத யாரு நம்புவா? 2000ல அங்க பார்லிமென்ட் மேல்சபையான பிரபுக்கள் சபையோட ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, பிரச்சனை ஜனங்களோட அறிவுல இல்ல நம்பிக்கைலதான், பேசுனா மட்டும் பத்தாது கேக்கவும் வேணும்னு.

எனக்கு இன்னும் மறக்காதது கம்ப்ரியா ஆடுங்க கேஸ். 1986 செர்னோபில் விபத்துக்கப்புறம் மே மாச மழைல கதிரியக்க சீசியம் வடக்கு இங்கிலாந்து மலைல இறங்கிருச்சு. ஜூன்ல ஆட்ட விக்கவோ வெட்டவோ கூடாதுன்னு தடை, மூணு வாரத்துல சரியாயிரும்னு சொன்னாங்க. ஆகல. ஏன்னா அவங்க போட்ட கணக்கு களிமண்ணுக்கு, களிமண் சீசியத்த இறுக்கிப் புடிச்சுக்கும், செடிக்குள்ள ஏற விடாது. அந்த மலைல இருக்கறதோ செடிகொடி மக்கி உண்டான, புளிப்பேறுன பீட் மண்ணு, சீசியம் திரும்பத் திரும்ப புல்லுல ஏறுது, புல்ல ஆடு தின்னுது. பென்டோனைட்னு ஒரு களிமண் பொடிய புல்லுல தூவி, ஆட்ட வேலிக்குள்ள அடைச்சு டெஸ்ட் பண்ணாங்க. மேய்க்கிறவங்க, அடைச்சா இந்த ஆடு தேறாது, உங்க ரிசல்ட்டே தப்பா வரும்னாங்க, யாரும் காதுல வாங்கல, பின்னாடி அந்த டெஸ்ட்ட சத்தமில்லாம கைவிட்டாங்க. பக்கத்துலயே 1957ல தீப்பிடிச்ச விண்ட்ஸ்கேல் அணு உலை வேற, இந்தக் கதிரியக்கம் அங்கேர்ந்து வந்ததில்லன்னு எப்படி நம்புறதுன்னு அவங்க கேட்டது முட்டாள்தனமா? கடைசிப் பண்ணைகளுக்கு தடை நீங்குனது 2012ல. பிரையன் வின்னுங்கறவர் அந்த விவசாயிங்ககிட்ட உக்காந்து பேசி எழுதினது தான் இந்த ஃபீல்டுக்கு அரிச்சுவடி.

ப்ராக்டிகலும் உண்டு, பயப்படாத. ப்ரஸ் ரிலீஸ், ரேடியோ, எக்ஸிபிஷன் டிசைன், இன்டர்வியூ எல்லாம் செஞ்சு பாக்க விடுவாங்க. நம்பர் விஷயத்துல காது திருகி சொல்லித் தருவாங்க. 1995ல அங்க சில கருத்தடை மாத்திரையால ரத்தக்கட்டு ஆபத்து ரெண்டு மடங்குன்னு அவசர எச்சரிக்கை போச்சு. நெஜத்துல 7000 பேர்ல 1 ஆளுக்கு வர்றது 2 ஆளுக்கு ஆச்சு, அவ்ளோதான். பயந்து மாத்திரைய நிறுத்துனவங்க நெறைய, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல கருக்கலைப்பு சுமார் 13,000 கூடிப்போச்சு. ஆனா கர்ப்பத்துல ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரைய விட ஜாஸ்தி! "ரெண்டு மடங்கு"ன்னு எங்க பாத்தாலும் எதுலேர்ந்து ரெண்டு மடங்குன்னு கேக்காம இப்ப எனக்கு தூக்கம் வராது.

வேலைன்னு அப்பாகிட்ட சொல்லணும்னா: என் கூட படிச்சவங்க யூனிவர்சிட்டி ப்ரஸ் ஆபீஸ், மருத்துவ அறக்கட்டளை, மியூசியம், மெடிக்கல் ரைட்டிங்னு இருக்காங்க, பத்திரிகைல போனவங்க ரொம்பக் கம்மி. சம்பளம் ஐடி அளவுக்கு எல்லாம் இல்ல. யூகேல படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் இருந்து வேலை தேடலாம்னு இருந்துச்சு, 2027 ஜனவரிலேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசம்தான். இத நம்பி வீட்ட அடமானம் வைக்கச் சொல்ல எனக்கு தைரியம் இல்லம்மா.

பழையபேப்பர்:

மழைக்காகிதம் அக்கா நல்லாத்தான் சொல்றாங்க, ஆனா கொஞ்சம் குறுக்க விழுறேன். ரொம்ப நாளா தமிழ் பத்திரிகை டெஸ்க்ல இருக்கேன், இங்க சயின்ஸ்க்குன்னு தனி ரிப்போர்ட்டர் வச்சிருக்கற இடத்த விரல் விட்டு எண்ணலாம். ராக்கெட் விட்டா க்ரைம் பாக்குறவனே எழுதுவான், கிரகணம் வந்தா ஆன்மிகம் பக்கத்துல "எந்த ராசிக்காரங்க பரிகாரம் பண்ணணும்" வரும், அடுத்த பக்கத்துல கோளரங்கத்துக்காரர் பேட்டி வரும், ரெண்டையும் ஒரே ஆள் லேஅவுட் பண்ணுவார். இந்த நிலமைல 25 லட்சம் கடன் வாங்கிட்டு வந்து இங்க என்னத்த அடைப்பீங்க?

அரசாங்க வேலைய நம்பாதீங்க. சென்ட்ரல்ல 1982ல என்சிஎஸ்டிசின்னு அறிவியல் பரப்பறதுக்குன்னே கவுன்சில் போட்டாங்க, 1989ல விஞ்ஞான் பிரசார் வந்துச்சு, புக்கு, சினிமா விழா, ரேடியோன்னு எவ்ளோவோ பண்ணாங்க. 2023ல விஞ்ஞான் பிரசார இழுத்து மூடிட்டாங்க. இந்த நாட்டுல இந்த ஃபீல்டுக்கு மரியாதை அவ்ளோதான்.

இங்கயே படிக்கணும்னா மதுரை காமராசர் யூனிவர்சிட்டில இதழியலோட அறிவியல் தொடர்பியலும் சேர்ந்த துறை இருக்கு, லக்னோ யூனிவர்சிட்டிலயும் இதுக்குன்னு கோர்ஸ் உண்டு. அட்மிஷன் விவரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், போன் போட்டு கேட்டுட்டு பெட்டிய கட்டுங்க. என்னக் கேட்டா எழுத ஆரம்பிங்க, பசங்களுக்கான அறிவியல் இதழ் துளிர் இருக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க 1987லேர்ந்து விடாம நடத்துறாங்க, பசங்களுக்கு எழுதிப் பழகினா யாருக்கும் எழுதலாம்.

தேனிப்பக்கம்:

பழையபேப்பர் அண்ணே, எழுதிப் பழகினா போதும்ங்கறீங்களே, அங்கதான் எனக்கு உதைக்குது. நான் போடி ஏரியா. நியூட்ரினோ ஆய்வகம் எங்க பொட்டிப்புரத்துக்கு வந்தப்போ எழுத ஆள் இல்லாமலா போச்சு? இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் எவ்ளோ கட்டுரை, எவ்ளோ கூட்டம். நியூட்ரினோங்கற துகள் ஒண்ணும் பண்ணாது, உங்க உடம்புக்குள்ள இப்பவே செகண்டுக்கு கோடானுகோடி போய்க்கிட்டு இருக்கு, 1965ல கோலார் தங்கச் சுரங்கத்துலயே நம்மாளுங்க புடிச்சுக் காட்டியாச்சுன்னு. எல்லாம் உண்மைதான், நானும் ஃபிசிக்ஸ் படிச்சவன், ஒத்துக்கிறேன்.

ஆனா டீக்கடைல எங்க ஊர்க்காரங்க கேட்டது அது இல்ல. மலைய குடைஞ்சு ரெண்டு கிலோமீட்டருக்கு சுரங்கம் போடுவே, வெட்டுற கல்ல எங்க கொட்டுவே? வெடி வச்சா போர்வெல்ல தண்ணி நிக்குமா? ஆடு மாடு மேயுற பக்கம் வேலி போடுவியா? அந்தக் கட்டுமானத்துக்கு தண்ணி எங்கேர்ந்து எடுப்பே? இதுக்கு பதில் இருந்துச்சு, அறிக்கைல இருந்துச்சு, ஆனா மேடைல ஏறுனவங்க பாதி நேரம் நியூட்ரினோ எவ்ளோ அழகான துகள்னே பேசுனாங்க. 50,000 டன் இரும்புல டிடெக்டர்னு பெருமையா சொன்னா எங்க ஆளுக்கு அது லாரிக் கணக்காத்தான் கேக்கும். இன்னொரு பக்கம் அணுக்கழிவ கொண்டாந்து பொதைக்கப் போறான்னு கிளப்பி விட்டவங்களும் உண்டு, அத நான் நியாயப்படுத்தல. 2022ல தமிழ்நாடு அரசே சுப்ரீம் கோர்ட்ல இந்த திட்டம் வேணாம்னு சொல்லிருச்சு. அக்கா சொன்ன ஆட்டுக்காரங்க கேஸ் தெரிஞ்ச நாலு பேர் 2010லயே எங்க ஊருக்கு வந்திருந்தா திட்டம் வந்திருக்கும்னு சொல்லமாட்டேன், பேச்சாவது ஒழுங்கா நடந்திருக்கும். இந்தப் படிப்பு தமிழுக்கு தேவையில்லன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

பழையபேப்பர்:

தம்பி, படிப்பு வேணாம்னு நான் சொல்லல, கடன் வேணாம்னுதான் சொல்றேன். பொட்டிப்புரம் பத்தி நீங்க சொன்னது நியாயம், எங்க டெஸ்க்லயே அத "ஆதரவு - எதிர்ப்பு"ன்னு ரெண்டு காலமா போட்டு முடிச்சிட்டோம், நீங்க கேட்ட தண்ணி, கல்லு கேள்விய தனியா யாரும் தொரத்தல.

தயிர்டப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தேனிப்பக்கம் அண்ணா எழுதினத அப்பாவுக்கே வாசிச்சுக் காட்டினேன், "இது ஒரு படிப்பாத்தான் இருக்கும் போல"ன்னார், எங்க வீட்ல அதுவே பெரிய விஷயம். லோன் ஐடியாவ விட்டாச்சு. ஸ்காலர்ஷிப் கெடைச்சா மட்டும் யூகே. அக்கா, யூகே அரசாங்கத்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு எனக்கு வாய்ப்பு இருக்கா? அப்புறம் அவ்சார்னு ஒரு எழுத்துப் போட்டி பாத்தேன், அதுல கலந்துக்கலாமா? அமெரிக்கா பத்தி யாருமே சொல்லலயே.

மழைக்காகிதம்:

அவ்சார் பிஎச்டி, போஸ்ட்டாக் காரங்களுக்குத்தான்மா, அத விடு. செவனிங்குக்கு டிகிரிக்கு அப்புறம் ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, 2800 மணி நேரம்னு கணக்கு வச்சிருக்காங்க, உன் ப்ராஜெக்ட் வேலைய அதுல காட்டலாம், ஆர்டர் காப்பியெல்லாம் பத்திரமா வை. ஃபீஸ், டிக்கெட், மாசச் செலவு எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பி இருக்கணும்னு கண்டிஷன், தமிழ்ல எழுதணும்ங்கற உனக்கு அது தோதுதான். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பும் பாரு.

அமெரிக்கால ரெண்டு இடம் பேர் போனது. கலிஃபோர்னியால சாண்டா க்ரூஸ், 1981லேர்ந்து நடக்குது, சயின்ஸ் டிகிரியும் ரிசர்ச் அனுபவமும் இருக்கறவங்களத்தான் எடுப்பாங்க, படிக்கும்போதே பத்திரிகைகள்ல இன்டர்ன்ஷிப் போடுவாங்க. இன்னொண்ணு எம்ஐடில சயின்ஸ் ரைட்டிங். ரெண்டுமே ரிப்போர்ட்டர் ஆகணும்ங்கறவங்களுக்கு. நீ தயிர் காட்டுற ஆளு, உனக்கு பப்ளிக் எங்கேஜ்மென்ட், அதாவது ஜனங்களோட நேரடியா பேசிப் பழகுற பக்கம் இருக்கற எடின்பரோ மாதிரி கோர்ஸ்தான் பொருந்தும்னு தோணுது. அதுவரைக்கும் இத்தாலிலேர்ந்து வர்ற ஜேகாம்னு ஒரு ஜர்னல் இருக்கு, முழுசும் ஃப்ரீ, மாசம் ரெண்டு பேப்பர் படி, உண்மையிலயே புடிக்குதா இல்ல போரடிக்குதான்னு அதுலயே தெரிஞ்சுரும்.

அப்ளிகேஷனோட அனுப்புற எஸ்ஓபி கட்டுரைல "சின்ன வயசுலேர்ந்தே அறிவியல் மேல ஆர்வம்"னு மட்டும் ஆரம்பிக்காத, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. பாக்டீரியா செத்துருச்சான்னு அந்தப் பையன் கேட்டதையும் அதுக்கப்புறம் நீ என்ன மாத்துனேங்கறதையும் போடு. ட்ராஃப்ட் ரெடியானதும் இங்கயே போஸ்ட் பண்ணு, நான் சிவப்பு பேனாவோட வர்றேன்.

தேனிப்பக்கம்:

கைட் திட்டினதையும் சேத்து போடுங்க. அப்புறம் லீவுல ஊருக்கு வந்தா போடி வரைக்கும் வந்து எங்க ஸ்கூல்ல ஒரு நாள் மைக்ரோஸ்கோப் காட்டணும், ஹெச்எம்கிட்ட நான் பேசிக்கிறேன், தயிர் எங்க பொறுப்பு.